பெயரைக் கடைசியில் வை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

மணியாச்சியிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. கரிசல் வெயிலைத் தாங்கும் ஒரு புது முயல் இனத்தை உருவாக்க வேண்டும், அதைக் கண்காட்சியில் நிறுத்திப் பரிசு வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். இனத்துக்குப் பெயர்கூடத் தேர்ந்துவிட்டாய். ஆசை பெரியது, ஆனால் செய்யக்கூடியதுதான். உன்னைப் போல முயல்கிற மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று, பலரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை விலக்கிவிடுவோம். நம் காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பு முயலோடு சேர்த்தால் வெயில் தாங்கும் குட்டி வரும் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். வராது. கம்மங்காட்டில் பாய்கிற முயலும் உன் கூண்டில் இருக்கிற முயலும் வேறு வேறு பிராணிகள். காட்டு முயலுக்குக் குரோமோசோம் 48, வளர்ப்பு முயலுக்கு 44. காட்டு முயலின் குட்டி ரோமத்தோடு, கண் திறந்தே பிறக்கும். உன் முயலின் குட்டி ரோமமில்லாமல் கண் மூடிப் பிறக்கும். கண் திறக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். இரண்டையும் சேர்த்து ஓர் இனம் எடுக்க முடியாது. காட்டு முயலைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அந்த எண்ணத்தை இன்றோடு விடு.

வெயில் தாங்கும் குணத்தை உன் முயல்களுக்குள்ளேயே தேட வேண்டும். வளர்ப்பு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழ்ந்தவை. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களைப் பேணி வரும் மன்னவனூர் ஆராய்ச்சி மையம் கொடைக்கானல் மேல்மலைக் குளிரில் இருக்கிறது. அப்படிப்பட்ட பிராணியை நாம் கரிசல் பூமியின் சித்திரை வெயிலில் கம்பிக் கூண்டுக்குள் வைக்கிறோம். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் உடம்புச் சூடு வெளியேற வேண்டும். 30 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் நீடித்தால் தீனி குறையும், ஆண் முயலின் விந்து கெடும். கோடை தணிந்த பிறகும் அது தேற ஏறக்குறைய 2 மாதம் பிடிக்கும். ஆனி மாதத்தில் சேர்த்தும் சினை நிற்கவில்லை என்றால் பெண் முயலைக் கழிக்க அவசரப்படாதே. கோளாறு பெரும்பாலும் ஆண் முயலிடம் இருக்கும்.

ஆகவே நீ தேர்ந்தெடுக்க வேண்டிய முதல் குணம் இதுதான்: பங்குனி, சித்திரையில் சினை பிடித்து, ஈன்று, பால் மறக்கும்வரை குட்டிகளைக் காப்பாற்றுகிற தாய், கோடைக்குப் பிறகு சீக்கிரம் தேறுகிற ஆண். எல்லாக் கூண்டுக்கும் ஒரே நிழல், ஒரே தண்ணீர், ஒரே ஈரச் சாக்கு இருக்கட்டும். ஒன்றுக்கு மட்டும் மின்விசிறி வைத்துவிட்டு அது வெயில் தாங்குகிறது என்று எழுதினால் உன் கணக்கு முழுதும் பொய்யாகும். அதே சமயம் சோதனை என்ற பெயரில் எந்த முயலையும் வெயிலில் வாட்டாதே. சாதாரண வீட்டில் கிடைக்கிற நிழலில் எது நன்றாக இருக்கிறது என்பதே நமக்குத் தெரிய வேண்டியது.

நிறத்துக்கு இரண்டாவது இடம் கொடு. நம் ஊர்க் கன்னி ஆட்டைப் பார். கருத்த உடம்பு, முகத்தின் இரண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, சிவந்திருந்தால் செங்கன்னி. அந்தக் கோட்டை வைத்துத்தான் ஆட்டை அடையாளம் சொல்கிறோம். ஆனால் அது இத்தனை தலைமுறை நிலைத்தது கோட்டு அழகால் மட்டுமல்ல. கரிசல் காட்டில் நாளெல்லாம் மேய்ந்து, கிடைத்ததைத் தின்று, குட்டியை வளர்த்ததால் நிலைத்தது. ராஜபாளையம் நாயிடம் வேறு பாடம் இருக்கிறது. தூய வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்றே தேர்ந்து வந்ததில், காது கேளாத குட்டிகளும் கூடவே பிறந்தன.

நிறத்தை வெயிலே மாற்றவும் செய்யும். கலிபோர்னியா முயலுக்கு உடம்பு வெள்ளை. மூக்கு, காது, கால், வால் மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்பு உடம்பின் குளிர்ந்த பகுதிகளில்தான் ஏறும். கோடையில் வளர்கிற குட்டியிடம் அது மங்கிச் சாம்பலாகத் தெரியும். மார்கழியில் கருகருவென்று ஏறும். கோடைக் குட்டியை நிறம் போதவில்லை என்று கழித்தால் நல்ல ரத்தத்தைக் கழித்தவன் ஆவாய்.

அடுத்து, முதல் ஈற்றைப் பார்த்து மயங்காதே. தூய சின்சில்லாவையும் வெள்ளை முயலையும் சேர்த்தால் முதல் ஈற்றில் வெள்ளைக் குட்டி ஒன்றும் வராது. இனம் உருவாகிவிட்டது என்று தோன்றும். அந்தக் குட்டிகளை வளர்த்துத் தங்களுக்குள் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று வெள்ளையாக வரும். ஒடுங்கியிருந்த பண்பு வெளியே வருகிறது, அவ்வளவுதான். வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தால் வெள்ளைதான் வரும். அதை நிலைநிறுத்துவது சுலபம். ஓங்கு பண்பை நிலைநிறுத்துவதுதான் கடினம், ஏனென்றால் உள்ளே ஒளிந்திருப்பது வெளியே தெரியாது. உருவமும் நிறமும் எடையும் ஈற்றுக்கு ஈற்று மாறாமல் வரத் தொடங்கும்போதுதான் இனம் என்ற சொல்லுக்கு உரிமை கிடைக்கும்.

இதற்கெல்லாம் மூலதனம் ஒரு நீளப் பதிவேடு. ஒவ்வொரு முயலுக்கும் காதில் பச்சை குத்திய எண் இருக்கட்டும். தாய், தகப்பன், சேர்த்த தேதி, ஈன்ற தேதி, பிறந்த குட்டி, பால் மறக்கும்போது உயிரோடிருந்த குட்டி, எடை, அந்த வாரத்தின் உச்ச வெப்பம் என்று ஒரு வரியில் எழுது. ஈனுவதற்குச் சேர்த்த நாளிலிருந்து 31 நாள் என்று கணக்கு வைத்துக்கொள். குறைந்தது மூன்று குடும்பங்களைத் தனித்தனியே பேணு. ஒரே ஆண் முயலை எல்லாவற்றுக்கும் விட்டால் சில தலைமுறையில் ஈற்று சிறுக்கும், நோஞ்சான் பெருகும். பல் கோணிய குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வளர்ப்புக்கு வைக்காதே. அதன் பெற்றோரின் வரியிலும் குறித்து வை. காதுச் சொறியோ ரத்தக் கழிச்சலோ கண்டால் நாட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதே. திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி உனக்குத் தூரமில்லை.

கண்காட்சிக்கு வருவோம். நடுவர் முதலில் கையால்தான் பார்ப்பார். முயலை மேசையில் உட்கார வைத்து, தோளிலிருந்து முதுகு வழியாக இடுப்புவரை உள்ளங்கையை ஓட்டுவார். எலும்பு குத்துகிறதா, தசை நிறைந்திருக்கிறதா என்று அந்தக் கை சொல்லிவிடும். பிறகு உதட்டை விலக்கிப் பல், காதுக்குள் சொறி, நகம், பாதம். நிறம் இவற்றோடு சேர்ந்தே வரும். அந்தக் கையைப் பழக வேண்டுமானால் சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போ. பல் பார்த்து, நடு முதுகில் விரல் வைத்து, எடைக்கல் இல்லாமலே கறி எத்தனை கிலோ தேறும் என்று சொல்கிற பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று பார். உன் முயலையும் தினமும் மேசையில் வைத்துப் பழக்கு. பழகாத முயல் நடுவர் கையில் சுருண்டுகொள்ளும்.

பெயருக்கு வருகிறேன். கலிபோர்னியா முயலை ஜார்ஜ் வெஸ்ட் என்பவர் 1923-இல் உருவாக்கத் தொடங்கினார். அது தனி இனமாக அமெரிக்காவில் ஏற்கப்பட்டது 1939-இல். இன்றும் அங்கே புது இனம் ஒன்று மூன்று முறை நடுவர்கள் முன் நின்று தேற வேண்டும். நம்மூர்ச் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் எத்தனையோ தலைமுறையாக ஊரறிந்த நாய்கள். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகத்தின் பதிவு அவற்றுக்குக் கிடைத்தது 2020-இல்தான். 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த கே 8, கே 12 சோளத்தையும் நினைத்துக்கொள். வயல் வயலாக விதைத்துப் பார்த்துத் தேறிய பிறகே ஒரு ரகம் பெயரோடு வெளியே வரும். உன் முயலுக்கும் அதுதான் முறை.

ஒருவர் வீட்டுக் கூண்டில் மட்டும் இருப்பது இனம் ஆகாது. ஒரு நோய் வந்தால் ஒரே வாரத்தில் எல்லாம் போய்விடும். கயத்தாறு, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் முயல் வளர்க்கிறவர்களைத் தேடிப் போ. நல்ல குட்டிகளைப் பதிவோடு கொடு. அவர்களையும் அதே முறையில் எழுதச் சொல். அவர்கள் வீட்டிலும் அதே உருவம், அதே தாய்மை மாறாமல் வந்தால் எல்லாரும் கூடிப் பெயர் வையுங்கள். இதைப் படிக்கிற கரிசல் காட்டு இளைஞர்களும் இவனோடு சேருங்கள். அதற்கு முதல் வேலையாக, தம்பி, இந்த வாரமே பதிவேட்டைத் தொடங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்