கன்று வீச்சு நோயும் மால்டா காய்ச்சலும்

சினைப்பசு ஆறு, ஏழு மாதத்தில் கன்றை வீசிவிட்டால், கண் பட்டுவிட்டது என்றும், மாடு எங்கோ வழுக்கி விழுந்திருக்கும் என்றும் காரணம் சொல்லிக்கொள்வது கிராமங்களில் வழக்கம். அடிபட்ட மாடு கன்று வீசுவதும் உண்டு. ஆனால் ஒரே கொட்டிலில் இரண்டு மூன்று மாடுகள் அடுத்தடுத்துக் கன்று வீசினால், அங்கே புரூசெல்லா என்னும் பாக்டீரியா புகுந்திருக்கிறதா என்று சந்தேகிப்பதே அறிவுடைமை. கால்நடை மருத்துவர்கள் இதைக் கன்று வீச்சு நோய் அல்லது புரூசெல்லோசிஸ் என்பர். இக்கிருமி மாட்டோடு நிற்பதில்லை. கன்று ஈனும்போது கைகொடுத்தவரையும், பச்சைப் பால் குடித்தவரையும் பற்றிக்கொள்ளும்.

இந்த உண்மை உலகிற்குத் தெரியவந்தது சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்புதான். அதைக் கண்டறிந்து சொன்ன ஆலிஸ் எவன்ஸ் என்ற பெண் நுண்ணுயிரியல் அறிஞரைத் தொடக்கத்தில் நம்பியவர்கள் மிகச் சிலரே.

மால்டா தீவின் வெள்ளாடுகள்

மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவு அக்காலத்தில் ஆங்கிலேயர் வசம் இருந்தது. அங்கே தங்கியிருந்த படைவீரர்களுக்கு ஒரு விநோதக் காய்ச்சல் வந்தது. சில நாள் காயும், தணியும், மீண்டும் ஏறும். இப்படியே மாதக்கணக்கில் நீடிக்கும். இராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ், இந்நோயால் இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து ஒரு நுண்ணிய கிருமியைப் பிரித்தெடுத்து 1887இல் அறிவித்தார். அதை உருண்டை வடிவக் கிருமி என்று அவர் வகைப்படுத்தினார். இந்தச் சிறு பிழை பின்னால் பெருங்குழப்பத்திற்குக் காரணமாயிற்று.

கிருமி கிடைத்தும், அது எங்கிருந்து வருகிறது என்பது மேலும் 18 ஆண்டுகள் விளங்கவில்லை. 1905இல் தெமிஸ்டோக்கிள் சம்மிட் என்ற மால்டா நாட்டு மருத்துவர் வெள்ளாடுகளின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். அங்கே ஆடுகளை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து, கேட்ட அளவு கறந்து கொடுப்பது வழக்கம். கண்ணெதிரே கறந்த பாலில் கலப்படம் இல்லை என்று மக்கள் நிறைவடைந்தனர். ஆனால் சோதித்த ஆடுகளில் ஏறத்தாழப் பாதியின் இரத்தத்தில் நோயின் அடையாளம் இருந்தது. பத்தில் ஓர் ஆட்டின் பாலில் கிருமியே வெளிவந்தது. அவற்றில் எதுவும் நோயுற்ற ஆடாகத் தோன்றவில்லை. நன்றாக மேய்ந்தன, நன்றாகக் கறந்தன. 1906இல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் கொடுப்பது நிறுத்தப்பட்டதும் அவர்களிடையே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

இதற்கிடையே டென்மார்க் நாட்டில் கால்நடை மருத்துவ அறிஞர் பெர்ன்ஹார்ட் பாங், பசுக்களில் தொற்றாகப் பரவும் கருச்சிதைவிற்குக் காரணமான கிருமியை 1897இல் கண்டறிந்திருந்தார். அது குச்சி வடிவக் கிருமி என்றார் அவர். ஒன்று மனிதக் காய்ச்சலுக்குரியது, மற்றது மாட்டுக் கருச்சிதைவுக்குரியது. ஒன்று உருண்டை, மற்றது குச்சி. மனித மருத்துவர்கள் ஒரு நூலைப் படித்தார்கள், கால்நடை மருத்துவர்கள் வேறொரு நூலைப் படித்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பால் ஆய்வுக்கூடத்தில் கண்டது

ஆலிஸ் எவன்ஸ் 1881இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தார். கிராமப்புற ஆசிரியர்களுக்காகக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைக் கல்லூரி நடத்திய கட்டணமில்லாத பாடத்தில் சேர்ந்தவர், நுண்ணுயிரியலில் ஈடுபாடு கொண்டு அங்கேயே பட்டமும் பெற்றார். பின்பு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, 1910இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பால்பிரிவில் பணியமர்ந்தார். முனைவர் பட்டம் அவருக்கு இல்லை. இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. பின்னர் அவர் சொன்னதை ஏற்க மறுத்தவர்கள் அவர் பெண் என்பதையும், முனைவர் அல்லர் என்பதையும் சேர்த்தே எடைபோட்டார்கள்.

நலமாகத் தோன்றும் பசுவின் மடியிலிருந்தும் பாங் கண்ட கிருமி பாலில் இறங்குகிறது என்பது அப்போதே தெரிந்திருந்தது. அது மாட்டுக்கு மட்டுமே கெடுதல் என்று கருதி விட்டுவிட்டார்கள். எவன்ஸ் அந்தக் கிருமியையும் மால்டா காய்ச்சல் கிருமியையும் ஒரே மேசையில் வைத்து வளர்த்துப் பார்த்தார். நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. புரூஸ் உருண்டை என்று கண்டது உண்மையில் மிகக் குட்டையான குச்சியே. ஒன்றினால் நோயுற்ற உயிரின் இரத்தநீர் மற்றதையும் ஒட்டித் திரளச் செய்தது. வழக்கமான சோதனைகளில் இவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. 1917ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க பாக்டீரியவியலாளர் சங்கக் கூட்டத்தில் இதை அறிவித்து, 1918இல் கட்டுரையாகவும் வெளியிட்டார். பசுவின் பச்சைப் பாலினால் மனிதருக்கும் இந்நோய் வரக்கூடும் என்று அவர் எச்சரித்தார்.

இரண்டும் அத்தனை நெருங்கியவை என்றால் இதுவரை வேறு எவர் கண்ணிலும் படாமல் போகுமா என்று கேட்டார்கள். அக்காலத்துப் பெரும் அறிஞரான தியோபால்ட் ஸ்மித்தே ஐயுற்றார். பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தும் இயந்திரம் விற்பவர்களோடு அவர் கூட்டு என்றுகூடப் பால் வணிகத்தில் சிலர் பேசினார்கள். 1920இல் கலிபோர்னியாவில் கார்ல் மேயரும் அவருடன் ஆய்ந்தவரும் எவன்ஸ் கூறியது சரியே என்று கண்டு, புரூஸின் நினைவாக இக்கிருமி இனத்திற்குப் புரூசெல்லா என்று பெயரிட்டனர். ஆட்டில் மிகுதியாகக் காணப்படுவதும் மாட்டில் காணப்படுவதும் ஓரினத்தின் நெருங்கிய வகைகள் என்பது இன்று ஐயமற்ற செய்தி.

1922இல் ஆய்வுக்கூடத்திலேயே எவன்ஸுக்கு இந்நோய் தொற்றியது. காய்ச்சலும் உடல்வலியும் சோர்வும் வந்து வந்து போயின. இரத்தச் சோதனைகள் தெளிவாக விடை சொல்லாததால், நரம்புத் தளர்ச்சி என்று மருத்துவர்கள் முடிவுகட்டினார்கள். உடலில் நோயில்லை, மனத்தில்தான் என்பது அதன் பொருள். நோயை உலகிற்குக் காட்டிக்கொடுத்தவருக்கே நோய் இருப்பதை ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவரை அது விட்டு விட்டு வருத்தியது. அதனிடையே 1928இல் அந்தப் பாக்டீரியவியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1930களில் பாலைப் பதப்படுத்தி விற்கும் முறை அமெரிக்கா எங்கும் பரவியது. 1947இல் அந்நாட்டில் 6,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் பதிவானது. கால்நடைகளிலும் நோய் ஒழிக்கப்பட்டபின் அது ஆண்டுக்குச் சில நூறு என்ற அளவுக்குள் வந்துவிட்டது. எவன்ஸ் 1975இல் தமது 94ஆம் வயதில் காலமானார்.

மாட்டில் இந்நோய்

கிருமி வாய் வழியாகவோ, கண்ணின் சவ்வு, தோலின் கீறல் வழியாகவோ மாட்டின் உடலில் புகுகிறது. சினைக்காலத்தில் மாட்டின் கருப்பைத் திசுக்களில் எரித்ரிட்டால் என்னும் சர்க்கரைப் பொருள் சேர்கிறது. புரூசெல்லாவுக்கு அது விருந்து. ஆகவே சினை முற்ற முற்றக் கிருமி பெருகி, பெரும்பாலும் ஐந்தாம் மாதத்திற்குப் பிறகு கன்று வீசப்படுகிறது. நஞ்சுக்கொடி விழாமல் தங்குவதும், அதன்பின் மாடு சினை பிடிக்கத் தாமதமாவதும் தொடரும்.

கால்நடை வளர்ப்போர் பலர் ஏமாறும் இடம் இதற்கு அடுத்ததே. ஒருமுறை கன்று வீசிய மாடு அடுத்த ஈற்றில் பெரும்பாலும் நல்ல கன்றே ஈனும். நோய் போய்விட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் கிருமி மடியிலும் நிணநீர்க் கட்டிகளிலும் தங்கியிருந்து, பாலிலும் ஒவ்வோர் ஈற்றிலும் வெளிவரும். மால்டாவின் ஆடுகளும் இப்படித்தான் இருந்தன. மாட்டுக்கு மருந்து கொடுத்து இதைத் தீர்ப்பது நடைமுறையில் இயலாது. இத்தகைய மாட்டைச் சந்தையில் தள்ளிவிடுவது இன்னொருவர் கொட்டிலுக்கும், அவர் வீட்டாருக்கும் நோயை விலைக்குக் கொடுப்பதாகும்.

செய்ய வேண்டியவை

நம் மக்கள் பாலைக் காய்ச்சிக் குடிப்பவர்கள். இது பெரும் பாதுகாப்பு. ஒரு கொதி வந்த பாலில் இக்கிருமி பிழைப்பதில்லை. கறந்த சூட்டோடு பசும்பாலையோ ஆட்டுப்பாலையோ குடிப்பது உடம்புக்கு வலு என்ற நம்பிக்கையை மட்டும் கைவிட வேண்டும். ஆகவே இங்கே பாலைவிடக் கைகளின் வழியாக வரும் ஆபத்தே பெரிது. வீசப்பட்ட கன்றிலும், நஞ்சுக்கொடியிலும், அதன்பின் இரண்டு மூன்று வாரம் வழியும் கசிவிலும் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். வெறுங்கையால் கொடியை இழுத்தெடுப்பது கூடாது. கால்நடை மருத்துவரை அழைப்பதே முறை. கையுறை இன்றி எவரும், குறிப்பாகக் கருவுற்ற பெண்கள், அதைத் தொடக்கூடாது.

நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் பல ஊர்களில் உள்ளது. நாய்க்கு எட்டாமல் இருக்கட்டும் என்ற எண்ணமும் அதில் இருக்கக்கூடும். ஆயினும் கன்று வீசிய மாட்டின் கொடியை அவ்வாறு செய்யலாகாது. காக்கையும் நாயும் அதைப் பரப்பிவிடும். கன்றையும் கொடியையும் நனைந்த வைக்கோலையும் ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் இக்கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நேர் வெயிலில் விரைவில் மடியும். கொட்டிலைக் கழுவிக் கிருமிநாசினி தெளித்து, வெயில் படும்படி விடுவது நல்லது. மாட்டைத் தனியே கட்டி, இரத்தம் எடுத்துச் சோதிக்கச் செய்ய வேண்டும். மாடு வாங்குமுன் இச்சோதனை செய்துகொள்வது எத்தனையோ நட்டத்தைத் தவிர்க்கும்.

வருமுன் காக்கத் தடுப்பூசி உண்டு. 1923இல் ஒரு ஜெர்சி பசுவின் பாலிலிருந்து எடுத்து, ஆய்வுக்கூடத்தில் ஓராண்டுக்கும் மேலாகக் கவனிப்பாரின்றிக் கிடந்து வீரியம் குறைந்துபோன கிருமியிலிருந்து உருவானது அது. நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும் வாழ்நாளில் ஒருமுறை போட்டால் போதும். காளைக் கன்றுக்கும் சினைமாட்டுக்கும் போடக்கூடாது. இது உயிருள்ள கிருமி என்பதால் மருத்துவரே கவனத்துடன் போட வேண்டும். 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இத்தடுப்பூசியும் சேர்க்கப்பட்டுள்ளது. கன்றின் வயதைக் கணக்கில் வைத்து அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு அறியலாம்.

மாடு, ஆடு வைத்திருப்பவர்களுக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்த்துக் கொட்டுதல், மூட்டுவலி, இடுப்புவலி, ஆண்களுக்கு விதைவீக்கம் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், மலேரியா, டைபாய்டு என்று மட்டும் எண்ணிவிடாமல், வீட்டில் கன்று வீசிய மாடு இருப்பதை மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் புரூசெல்லா சோதனைக்கு எழுதுவார். மனிதருக்கு இந்நோயைத் தீர்க்கும் மருந்துகள் உள்ளன. பொதுவாக இரண்டு மருந்துகளைச் சேர்த்து, ஆறு வாரம் வரை கொடுப்பார்கள். பத்து நாளில் காய்ச்சல் நின்றுவிட்டது என்று இடையில் நிறுத்தினால் நோய் மறுபடி வரும்.