நம்ம எக்ஸோஸும் அடுத்த வீட்டுத் தூக்கமும்

போன ஞாயிற்றுக்கிழமை ஆலய மண்டபத்தில் வகுப்பு ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வெளியே ஒரு மோட்டார் வந்து நின்றது. நின்றது என்று சொல்வதைவிட, முழங்கியது என்று சொல்லணும். முன் வரிசைச் சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பின்பக்கம் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "யாருப்பா அது, ஹெலிகாப்டர்லயா வந்து எறங்குறீங்க?" என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

வந்தவர் நம் வகுப்புத் தம்பிதான். முகத்தில் பெருமை. "அண்ணே, புது எக்ஸோஸ். நேத்துதான் போட்டேன். எப்படி இருக்கு?"

நான் திட்டவில்லை. திட்டுகிற தகுதி எனக்கு இல்லை என்பதே காரணம். அவர் வயதில் நானும் அதையேதான் செய்தேன், அவரைவிட மோசமாகவே செய்தேன். அன்றைக்கு எடுக்க வேண்டிய பாடத்தை மூடி வைத்துவிட்டு இதைப் பற்றிப் பேசினோம். வராதவர்களும் படிக்கட்டும் என்று எழுதித் தருகிறேன்.

முதலில் என் கதை

2005ஆம் ஆண்டு. எனக்கு 19 வயது. கிள்ளானில் ஒரு தாமானில் வரிசை வீடு. தொழிற்சாலையில் மதிய ஷிப்ட் முடித்து, இரவு பதினொன்றரை வாக்கில் வீடு திரும்புவேன். என்னிடம் இருந்தது பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார். இருந்த நல்ல எக்ஸோஸைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் குழாய் போலச் சத்தம் போடும் ஒன்றை மாட்டியிருந்தேன். லோரோங் முனையில் திரும்பும்போதே ஒரு முறுக்கு முறுக்குவேன். 'நான் வந்துட்டேன்' என்று அம்மாவுக்குச் சொல்கிற மாதிரி. அம்மா மட்டும்தான் கேட்கிறார் என்று நினைப்பு!

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புகைமூட்டம் அப்படி இருந்தது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை பிரகடனம் செய்தார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனோம். மாமாக் கடையில் உட்கார்ந்து, "சுமத்ராவுல நெருப்பு வெக்கிறான், இங்க நம்ம மூச்சு முட்டுது" என்று நானும்தான் பேசினேன். பேசிவிட்டு வெளியே வந்து, நீலப் புகை கக்கும் என் மோட்டாரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

புகைமூட்டம் விலகி இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் இரவு, வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது பெட்ரோல் தீர்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டே வந்தேன். மணி பன்னிரண்டாகப் போகிறது. லோரோங் முழுக்க இருட்டு. எங்கள் அடுத்த வீட்டு முன்வாசலில் மட்டும் விளக்கு. அந்த வீட்டு அக்கா ஒரு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, மோட்டார் கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா, பெட்ரோல் முடிஞ்சிருச்சு. நீங்க இன்னும் தூங்கலயா? பிள்ளைக்குச் சுகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கான். உன் மோட்டார் வந்தப்புறம்தான் இவனப் படுக்க வைப்பேன். முன்னாடியே தூங்க வெச்சா, நீ வர்ற சத்தத்துல அலறி எழுந்துக்குறான்பா. அப்புறம் ரெண்டு மணி வரைக்கும் அழுகைதான். மாமாவுக்குக் காலைல அஞ்சு மணிக்கு லோரி எடுக்கணும். இன்னிக்கி நீ வர நேரமாச்சா, அதான் நடந்துக்கிட்டே இருக்கேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். மழை வரும், துணியை எடுத்து வைக்கணும் என்பதுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எத்தனை மாதமாக அந்த வீடு என் சத்தத்துக்காகக் காத்திருந்து தூங்கியிருக்கிறது! ஒரு நாள்கூட என் அம்மாவிடம் வந்து குறை சொன்னதில்லை.

எக்ஸோஸ் எதற்கு இருக்கிறது?

இப்போது பாடத்துக்கு வருவோம். இஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து வெடிக்கிறது. அந்த வெடிப்புதான் பிஸ்டனைத் தள்ளுகிறது. ஒரு சிலிண்டர் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால், நிமிடத்துக்கு 3000 வெடிப்பு, அதாவது வினாடிக்கு 50. ஒவ்வொரு தடவையும் சூடான வாயு அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. அப்படியே விட்டால் வினாடிக்கு 50 பட்டாசு.

அதை அடக்குவதுதான் எக்ஸோஸின் வேலை. உள்ளே தடுப்புகளும் சின்னச் சின்ன அறைகளும் துளை போட்ட குழாய்களும் இருக்கும். சத்தம் ஒரு சுவரில் மோதித் திரும்பி வந்து, அடுத்து வரும் சத்தத்தின்மேல் விழுந்து ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். மிச்சத்தை நார்ப்பஞ்சு போன்ற பொருள் உறிஞ்சிக்கொள்ளும். காரிலும் புதுவகை மோட்டாரிலும் இதோடு வினையூக்கி ஒன்றும் இருக்கும். பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூசிய தேன்கூடு மாதிரி ஒரு பாகம். நச்சு வாயுக்களைப் பெருமளவு தீங்கில்லாததாக மாற்றி வெளியே அனுப்புவது அதுதான். எக்ஸோஸை மாற்றும்போது பலர் இதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

"ஆனா பவர் கூடுமே அண்ணே?" என்று தம்பி கேட்டார். பந்தய வண்டிக்கு இஞ்சினையும் எரிபொருள் அளவையும் எக்ஸோஸையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி அமைப்பார்கள். அங்கே கூடும். நாம் குழாயை மட்டும் மாற்றினால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். மெதுவாகப் போகும்போது இழுவை குறைந்து போவதும் உண்டு. சத்தமாக இருப்பதால் வேகமாகப் போகிற மாதிரி நமக்கே ஒரு மயக்கம்.

சத்தத்துக்கு ஒரு கணக்கு

சத்தத்தை டெசிபல் என்ற அளவில் சொல்கிறோம். இது சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. நாம் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல். 90 டெசிபலில் ஒரு மோட்டார் போனால், அது பேச்சைவிட 1000 மடங்கு ஆற்றல்.

காது தாங்குவதற்கும் கணக்கு உண்டு. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது தொழில் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றும் முறை. 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1. இப்படியே போனால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். அந்தக் குழாய்க்கு மிகப் பக்கத்தில், தினமும், உட்கார்ந்திருப்பது யார்? ஓட்டுகிறவரேதான். கேட்கும் திறன் ஒரே நாளில் போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். போனது திரும்பி வராது. எனக்கு இன்றும் அமைதியான அறையில் உட்கார்ந்தால் வலது காதில் ஒரு ரீங்காரம் கேட்கும். அந்த இரண்டு வருடத்தின் கூலி என்றுதான் நினைக்கிறேன்.

வெளியில் கேட்கிறவர்களுக்கு? இரவில் சாலைச் சத்தம் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வட்டாரம் 2018ல் பரிந்துரைத்தது. தூக்கம் கெடுகிறது என்பதே காரணம். நம் வரிசை வீடுகளோ எதிரெதிரே சுவர். சத்தம் எங்கும் போக வழியில்லாமல் முட்டி முட்டித் திரும்பும்.

புகையின் நிறத்தைப் பாருங்கள்

புகை என்பது இஞ்சின் நமக்கு எழுதும் கடிதம். படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நீலப் புகை: எண்ணெய் எரிகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு சீல் போயிருக்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் எரிவது இயல்புதான். ஆனால் அளவு மீறினால் பின்னால் வருகிறவர் பாடு திண்டாட்டம்.

கறுப்புப் புகை: எரிபொருள் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டீசல் வண்டியில் வரும் கறுப்பு, கரித்துகள். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் சேர்த்தது.

வெள்ளைப் புகை: குளிர்ந்த காலையில் லேசாக வந்து நின்றுவிட்டால் அது வெறும் நீராவி. கார் சூடான பிறகும் அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால், இஞ்சினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். உடனே பட்டறைக்குப் போங்கள்.

கண்ணுக்குத் தெரியாத புகையும் ஒன்று உண்டு, கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்காருகிற இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கதவு மூடிய இடத்தில் இஞ்சினை ஓடவிடக் கூடாது என்பது அதனால்தான்.

'சத்தம் இருந்தாத்தான் சேஃப்டி'

வகுப்பில் இது பெரிய விவாதமானது. "லோரிக்காரங்க நம்மளப் பார்க்கிறதில்ல. சத்தம் கேட்டாத்தான் ஒதுங்குவாங்க" என்றார் தம்பி. இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டார் ஓட்டுபவர்களும் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களும்தான். பயம் நியாயமானது.

ஆனால் குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது? பின்பக்கம். முன்னால் போகிறவர் கண்ணாடியை ஏற்றி, ஏர்கோன் போட்டு, வானொலி கேட்டுக்கொண்டு போகிறார். உங்கள் சத்தம் அவருக்கு முழுதாகக் கேட்பது நீங்கள் அவரைத் தாண்டிப் போன பிறகு. 1992 முதல் பகலிலும் மோட்டார் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. கண்ணில் படுவதுதான் உயிரைக் காக்கும் என்பதால் வந்த சட்டம் அது. விளக்கு, வெளிர் நிறச் சட்டை, நல்ல தலைக்கவசம், லோரியின் மறைவிடத்தில் தொடர்ந்து ஓட்டாமல் இருப்பது, இவைதான் பாதுகாப்பு.

சட்டமும் பண்பும்

வாகனச் சத்தத்துக்கு 1987லேயே விதிமுறை வந்துவிட்டது. பெட்ரோல், டீசல் வண்டிகளின் புகைக்கு 1996ல் தனித்தனியாக வந்தது. லோரி, பஸ் போன்ற வணிக வண்டிகள் 6 மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போயாக வேண்டும். நம் சொந்த மோட்டாருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஆக, சாலைத் தடுப்பில் ஜே.பி.ஜே. பிடிக்காத 364 நாளும் நம்மைப் பரிசோதிக்க வேண்டியது நாம்தான்.

வள்ளுவர் 'இன்னா செய்யாமை' என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார். நமக்கு எது துன்பம் என்று தெரிகிறதோ, அதை அடுத்தவருக்குச் செய்யாதே என்பது அதில் அவர் சொல்லும் பாடம். நான் அந்த அக்காவுக்கு வேண்டுமென்று துன்பம் செய்யவில்லை. அவர் இருப்பதே என் நினைவில் இல்லை, அவ்வளவுதான். சாலையில் நாம் செய்யும் பெரும்பாலான தவறு இந்த வகைதான். தேவையில்லாத ஹார்ன், எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைக்கும் விளக்கு, ஆலய வாசலில் 'ரெண்டே நிமிஷம்' என்று இரட்டை வரிசையில் விட்டுப் போகும் கார். எல்லாவற்றிலும் நாம் மறந்துபோன ஓர் ஆள் இருக்கிறார்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். என் பழைய எக்ஸோஸ் அங்கேயே ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. போர்மேன் சிரித்துக்கொண்டே மாட்டிக் கொடுத்தார். எண்ணெய் விடும் அளவையும் சரி பார்த்தார். அன்றிரவு முனையில் முறுக்காமல் மெதுவாகத் திரும்பினேன். அடுத்த வீட்டு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூன்று நான்கு நாள் கழித்து ஓர் இரவு வந்தபோது அந்த வாசல் இருட்டாக இருந்தது. அக்கா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணத்தில் பாயசம் மட்டும் வந்தது.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. உங்கள் வண்டியை வீட்டு முன் நிறுத்திக் கிளப்பிவிட்டு, நான்கு வீடு தள்ளிப் போய் நின்று கேளுங்கள். முடிந்தால் தம்பியையோ தங்கையையோ முறுக்கச் சொல்லுங்கள்.

2. குழாயின் பின்னால் ஒரு வெள்ளைத் துணியைச் சற்றுத் தள்ளி ஒரு நிமிடம் பிடியுங்கள். துணியில் படிவதைப் பாருங்கள்.

3. எண்ணெய் மாற்றிய தேதியும் ஏர் ஃபில்டர் பார்த்த தேதியும் ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே பட்டறைக்குப் போங்கள்.

4. இரவு பத்து மணிக்கு மேல் தாமானுக்குள் நுழைந்தால் முறுக்காமல், குறைந்த வேகத்தில் வாருங்கள்.

கலந்து பேச

உங்கள் லோரோங்கில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் யார்? கைக்குழந்தை எந்த வீட்டில்? படுக்கையில் இருக்கும் பெரியவர் எந்த வீட்டில்? பதில் தெரியவில்லையென்றால், முதல் வேலை அதைத் தெரிந்துகொள்வதுதான்.

நம் தம்பி இன்னும் ஒரு முடிவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று வகுப்பு முடிந்ததும் மோட்டாரை மண்டப வாசலில் கிளப்பாமல், சாலை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.