மலையில் ஏழு நாள், நோட்டில் ஏழு பக்கம்



கோடை விடுமுறையில் உங்களில் சிலர் மலை வாசத்தலங்களுக்குப் போவீர்கள். போய் வந்தவரிடம் "ஊட்டி எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "ஜில்லென்று இருந்தது" என்பார். "ஏன்?" என்றால், "உயரமான இடமல்லவா!" என்பார். உயரமாக இருந்தால் குளிர வேண்டும் என்று யார் சொன்னது? மேலே போகப் போக நாம் சூரியனை அல்லவா நெருங்குகிறோம்? இங்கே அநேகமாக அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

இந்தக் கேள்விக்கு நீங்களே விடை காண வேண்டும். அதற்கு ஒரு வாரம் போதும். மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு, ஊட்டியில் தங்கி, தொட்டபெட்டா சிகரம் ஏறித் திரும்பும் ஒரு வார வேலைத் திட்டத்தை இங்கே தருகிறேன். நாளுக்கு ஒரு வேலை, வேலைக்கு ஒரு பக்கம்.

தேவையான பொருள்கள்: பள்ளி ஆய்வகத்தில் பயன்படும், 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி ஒன்று, சாதாரண வெப்பமானி இரண்டு, வாய் அகன்ற கண்ணாடிப் புட்டி, பலூன், ரப்பர் வளையம், கைக்கடிகாரம், கோடு போட்ட நோட்டு. சில கைப்பேசிகளில் காற்றழுத்தமானியும் இருக்கிறது, கிடைத்தால் நல்லது.

முதல் நாள்: பல்சக்கர ரயிலில்

நீலகிரி மலை ரயில் 326 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏறுகிறது. 1891-இல் தொடங்கிய இப்பாதையின் பணி 1908-இல் நிறைவுற்றது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சில இடங்களில் 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம்! வழுவழுப்பான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், நடுவே பல் வெட்டிய சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்து, பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது.

ஊட்டி போய்ச் சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இந்த மெதுவே நமக்கு வசதி. புறப்படுமுன் கண்ணாடிப் புட்டியின் வாயில் பலூன் ரப்பரைத் தளர்வின்றி இழுத்துக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று விவரங்களைக் குறியுங்கள்: பெயர்ப் பலகையில் எழுதியிருக்கும் கடல் மட்ட உயரம், நிழலில் வெப்பநிலை, ரப்பரின் நிலை. கல்லாற்றில் தட்டையாக இருக்கும் ரப்பர் குன்னூரில் குமிழ்போல் மேலே புடைத்திருக்கும். புட்டிக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சற்றுச் சுருங்கத்தான் செய்கிறது. அப்படியிருந்தும் ரப்பர் புடைக்கிறது. காரணம், வெளிக்காற்றின் அழுத்தம் அதைவிட அதிகமாகக் குறைந்துவிட்டது.

இரண்டாம் நாள்: அடுப்பங்கரையில்

நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம். தலைக்கு மேலுள்ள காற்றின் எடைதான் காற்றழுத்தம். கடல் மட்டத்தில் அது சுமார் 1,010 மில்லிபார். ஊட்டியிலோ சுமார் 780 மில்லிபார். அதாவது ஊட்டியில் நிற்கும்போது வளிமண்டலத்தின் ஏறத்தாழக் கால் பங்கு உங்கள் காலுக்குக் கீழே கிடக்கிறது!

இதைத் தண்ணீரே சொல்லும். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, திறந்த பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவிடுங்கள். வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நீருக்குள் இருக்கட்டும். நூறு டிகிரியை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய அளவுகள் இவை:

மேட்டுப்பாளையம்: 975 மில்லிபார், 99 டிகிரி
குன்னூர்: 830 மில்லிபார், 94½ டிகிரி
ஊட்டி: 780 மில்லிபார், 93 டிகிரி
தொட்டபெட்டா: 740 மில்லிபார், 91½ டிகிரி

நீராவிக் குமிழி ஒன்று நீருக்குள் உருவாக வேண்டுமானால், அதன் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு ஈடுகொடுக்க வேண்டும். வெளி அழுத்தம் குறைவாக இருந்தால் குறைந்த சூட்டிலேயே குமிழி உருவாகிவிடும். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் 1 டிகிரி குறையும் என்று நினைவில் வையுங்கள். உங்கள் வெப்பமானியே அரை டிகிரி தப்பாகக் காட்டக்கூடும். ஆகவே அதே வெப்பமானியால் மேட்டுப்பாளையத்திலும் அளந்துகொண்டு வாருங்கள். இரண்டையும் கழித்தால் அந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

மலையில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். தீயைக் கூட்டிப் பயனில்லை. நீர் விரைவாக ஆவியாகுமே தவிர 93 டிகிரியைத் தாண்டாது. மூடியை இறுக்கி உள்ளே அழுத்தத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. பிரஷர் குக்கர் அதைத்தான் செய்கிறது.

மூன்றாம் நாள்: குளிருக்குக் காரணம்

இப்போது நம் பழைய கேள்விக்கு வருவோம். சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதில் இரண்டு கிலோமீட்டர் நெருங்குவது ஒரு நெருக்கமா? அதை மறந்துவிடலாம்.

சூரிய ஒளி காற்றை நேரடியாக அதிகம் சூடாக்குவதில்லை. அது தரையைச் சூடாக்குகிறது. தரை காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழுகிறது. மேலே அழுத்தம் குறைவு. ஆகவே அது விரிகிறது. விரியும்போது சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே செலவிடுவதால் குளிர்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே காற்றை நாம் அழுத்துகிறோம், சூடாகிறது. இங்கே அது தானே விரிகிறது, குளிர்கிறது.

உலர்ந்த காற்று 100 மீட்டர் எழுந்தால் ஏறத்தாழ 1 டிகிரி குளிரும். மேகம் உருவாகும்போது வெளிப்படும் வெப்பத்தால் இது குறைந்து, வளிமண்டலத்தின் சராசரி 1,000 மீட்டருக்கு 6½ டிகிரி என்று அமைகிறது.

கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார்: "ஊட்டியிலும் தரை இருக்கிறதே! அது ஏன் காற்றைச் சூடாக்கவில்லை?" சூடாக்கத்தான் செய்கிறது. ஆனால் மலை என்பது காற்றுக் கடலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பாறை. அதன்மீது சுற்றுப்புறக் குளிர்காற்று ஓயாமல் வீசிக் கலந்துகொண்டே இருக்கிறது. இரவிலோ, மேலேயுள்ள காற்றும் நீராவியும் குறைவு என்பதால் தரையின் வெப்பம் எளிதில் விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது.

முதல் நாள் எடுத்த வெப்பநிலைகளை உயரத்துக்கு எதிரே வரைபடமாக்குங்கள். 1,877 மீட்டர் ஏறியதற்கு 12 டிகிரி அளவில் குறைந்திருக்க வேண்டும். காலையில் கீழேயும் பிற்பகலில் மேலேயும் அளந்திருப்பதால் உங்கள் விடை மாறுபடலாம். அந்த மாறுபாட்டை மறைக்க வேண்டாம், நேரத்தோடு எழுதிவையுங்கள்.

நான்காம் நாள்: வெயிலில்

ஒரு வெப்பமானியை நிழலில் வையுங்கள். மற்றொன்றின் குமிழைக் கறுப்புத் துணியால் சுற்றி வெயிலில் வையுங்கள். நிழலில் நடுங்கும் இடத்திலேயே வெயில் சுள்ளென்று உறைப்பதை எண்களால் காண்பீர்கள். காற்று குளிர்ந்திருக்கிறது, கதிரோ குறையவில்லை. ஒளியை வடிகட்டும் காற்று குறைந்ததால் புறஊதாக் கதிர் 1,000 மீட்டருக்குச் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. தொப்பி அணியுங்கள். சூரியனை நேராகப் பார்க்காதீர்கள்.

நண்பகலில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். ஊட்டியில் ஏப்ரல் 20-ஐ ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மே மாதத்திலோ நண்பகல் நிழல் தெற்கே விழும்! ஊட்டி 11 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட வட அட்சத்தில் இருப்பதே காரணம்.

இந்த 11 டிகிரியை முத்தோரையில் விஞ்ஞானிகள் அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைத்த ரேடியோ தொலைநோக்கி 1970-இல் செயற்படத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். தென்வடலாக ஏறத்தாழ 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவில் அது கிடக்கிறது. அதனால் அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே வான்பொருள் ஒன்றைப் பல மணி நேரம் பின்தொடரலாம். இங்கே மலையின் உயரம் அல்ல, சரிவே கருவியாயிற்று.

ஐந்தாம் நாள்: மேகத்தின் உயரம்

பளபளப்பான டம்ளரில் நீர் ஊற்றி, பனிக்கட்டியைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். வெளிப்புறம் முத்துமுத்தாக வியர்க்கத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை. காற்றின் வெப்பநிலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை 125-ஆல் பெருக்குங்கள். தரையிலிருந்து மேகத்தின் அடி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். காற்று 22, பனிநிலை 14 என்றால் 1,000 மீட்டர்.

கோடையில் பிற்பகல் இடிமழை வழக்கம். முதல் இடி கேட்டதும் வெட்டவெளியையும் தனி மரத்தையும் விட்டுக் கட்டடத்துக்குள் வந்துவிடுங்கள். இடிமேகத்தின் வலிமையை ஊட்டியிலேயே அளந்திருக்கிறார்கள். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேலே காற்றில் மோதும்போது மியூவான் என்னும் துகள்கள் தோன்றுகின்றன. இவற்றை எண்ணும் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வு இங்கே நடக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்தபோது மியூவான் எண்ணிக்கை சுமார் 2 விழுக்காடு குறைந்தது. அதிலிருந்து மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான்!

ஆறாம் நாள்: சிகரம்

2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு இன்று நடை. 50 கிலோ எடையுள்ள நீங்கள் ஊட்டி ரயில் நிலையத்திலிருந்து 434 மீட்டர் ஏறச் செய்யும் வேலை 50 × 9.8 × 434, அதாவது சுமார் 2 லட்சத்து 13 ஆயிரம் ஜூல். உணவுக் கணக்கில் ஏறத்தாழ 50 கிலோகலோரி; ஓர் இட்லி! நம் தசைகள் உணவாற்றலில் கால் பங்கையே வேலையாக மாற்றுவதால், நாலு இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தமானி உள்ளவர்கள் சிகரத்தின் உயரத்தை அளக்கலாம். ஊட்டிக்கு அருகில் 1 மில்லிபார் குறைந்தால் 11 மீட்டர் ஏறியதாகப் பொருள். ஆனால் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. நீங்கள் ஓரிடத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் காற்றழுத்தம் காலை 10 மணியளவில் ஏறி, மாலை 4 மணியளவில் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் 2, 3 மில்லிபார். கவனிக்காவிட்டால் சிகரம் 30 மீட்டர் வளர்ந்துவிடும்!

என்ன செய்யலாம்? 1648-இல் பிரான்சில் பாஸ்கல் என்ற அறிஞரின் மைத்துனர் பெரியே இதற்கு வழிகாட்டினார். பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவர் பாதரசக் குழாயுடன் புய் தெ தோம் என்ற மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. காற்றுக்கு எடை உண்டு என்பதற்கு அது வலுவான சான்று. அதைவிட முக்கியம், மற்றொரு குழாயை அடிவாரத்து மடத்தில் ஒரு பாதிரியாரின் காவலில் அவர் விட்டுச் சென்றதுதான். நாள் முழுதும் அது மாறவில்லை. அதனால்தான் மாற்றத்துக்குக் காரணம் உயரமே என்று துணிந்து சொல்ல முடிந்தது. நீங்களும் உங்களில் ஒருவரை, பெரியவர் துணையோடு, மற்றொரு கருவியுடன் ரயில் நிலையத்தில் அமர்த்துங்கள். சிகரம் காணாத அந்த நண்பர் இல்லாமல் உங்கள் அளவீடு செல்லாது. நோட்டில் அவர் பெயரும் இருக்கட்டும்.

ஏழாம் நாள்: இறக்கம்

புறப்படுமுன் ஊட்டியில் புட்டியைத் திறந்து, மீண்டும் ரப்பரைக் கட்டுங்கள். மேட்டுப்பாளையம் சேரும்போது அது உள்நோக்கிக் குழிந்திருக்கும். காது அடைப்பதும் இதே அழுத்த மாற்றத்தால்தான். எச்சில் விழுங்கினால் சரியாகும்.

இப்போது ஏழு பக்கங்களையும் புரட்டுங்கள். புடைத்த ரப்பர், வேகாத பருப்பு, குளிர்ந்த காற்று, சுள்ளென்ற வெயில், தாழ்ந்த பாதரசம். வெவ்வேறு செய்திகளாகத் தோன்றிய இவற்றுக்கெல்லாம் வேர் ஒன்றே: தலைக்கு மேல் காற்று குறைந்தது.

மலைக்குப் போக இயலாதவர்கள் வருந்த வேண்டாம். சமவெளியில் 9 மீட்டருக்கு 1 மில்லிபார் மாறுகிறது. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றும், காற்றழுத்தமானியுள்ள கைப்பேசிகள் இரண்டும் கிடைத்தால் போதும். ஒருவர் கீழே, ஒருவர் மேலே. உங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தின் உயரத்தை இம்முறையில் அளக்க முடியுமா, எத்தனை மீட்டர் பிழை வரும் என்று சிந்தித்து எழுதுங்கள்.