உடலின் வெப்பமும் கழுத்தின் சுரப்பியும்

காவிரி பாயும் தஞ்சை நாடு நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது நீர்ப்பெருக்கினால் மட்டும் அன்று. அந்நீரை அளந்து விடும் ஒழுங்கினாலும் ஆகும். 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையில் நீர் தேக்கப்படுகிறது. கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிக்கப்படுகிறது. பின்னர் மதகுகளின் வழியே வாய்க்கால்களில் இறங்கிக் கடைமடை வயல் வரை சென்று சேர்கிறது. நீர் குறைந்தால் பயிர் வாடும். மிகுந்தால் பயிர் அழுகும். ஆதலின் வயலின் நிலையறிந்து மதகைத் திறப்பதும் தாழ்த்துவதும் இன்றியமையாதனவாகும்.

மனித உடலிலும் இத்தகைய ஒழுங்கு ஒன்று உண்டு. அங்கே காக்கப்படும் பொருள் வெப்பம். கத்திரி வெயிலில் தஞ்சைச் சமவெளியின் வெப்பம் 38 பாகை செல்சியசைக் கடக்கும் நாள்கள் உண்டு. மார்கழி விடியலிலோ வரப்பெல்லாம் பனி படர்ந்திருக்கும். ஆயினும், இவ்விரு பருவத்திலும் வயலில் உழைப்பவரின் உள்ளுடல் வெப்பம் ஏறத்தாழ 37 பாகையை ஒட்டியே நிற்கிறது. விடியலில் அது சற்றுத் தாழும். மாலையில் சற்று உயரும். உண்ட சோறு உயிரணுக்களில் உயிர்வளியோடு கூடி மெல்ல எரிவதால் இவ்வெப்பம் பிறக்கிறது. உணவு உடலாகவும் ஆற்றலாகவும் மாறும் இச்செயல்கள் அனைத்தையும் வளர்சிதை மாற்றம் என்பர்.

இவ்வெரிதலின் வேகத்தை அமைப்பது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்துள்ள தைராய்டுச் சுரப்பியாகும். கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இப்பெயர் வந்தது. இச்சுரப்பி பெரும்பாலும் தைராக்சின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அதில் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளமையால் அதனை டி-4 என்று சுருக்கிக் கூறுவர். ஈரல் முதலிய உறுப்புகளில் ஓர் அயோடின் அணு நீங்க, அது டி-3 ஆகிறது. எரிதலை விரைவுபடுத்தும் வன்மை மிகுதியும் டி-3க்கே உரியது. டி-4 வாய்க்காலில் நிற்கும் நீர். டி-3 வயலில் பாய்ந்த நீர் எனலாம்.

சுரப்பியும் தன் விருப்பப்படி சுரப்பதன்று. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஆணையிடுகிறது. பிட்யூட்டரிச் சுரப்பி அவ்வாணையை ஏற்றுத் தைராய்டைத் தூண்டுகிறது. குருதியில் ஹார்மோன் நிறைந்ததும் அச்செய்தி மேலிடத்தை எட்ட, தூண்டுதல் தானே தணிகிறது. கடைமடை நிறைந்தது என்ற செய்தி கேட்டுத் தலைமதகைத் தாழ்த்துவது போன்றது இது.

வெப்பமும் குளிரும் இச்சுரப்பியை எவ்வாறு தாக்குகின்றன? வெயில் சுட்டதும் வியர்வை பெருகுகிறது. குளிர் தாக்கியதும் உடல் நடுங்குகிறது. இவை நொடிப்பொழுதில் நிகழும் காவல். தைராய்டின் காவலோ நெடுநாளைக்குரியது. குருதியிலுள்ள டி-4 பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். ஆதலின் ஓரிரவுக் குளிர் வளர்ந்தவரிடம் பெரிய மாறுதலை உண்டாக்குவதில்லை. தென்துருவப் பெருநிலத்தில் மாதக்கணக்கில் தங்கியவரிடத்தோ டி-3 உண்டாவதும் செலவாவதும் விரைவுபட்டதை ஆய்வாளர் கண்டனர். தாயின் வயிற்று வெதுவெதுப்பினின்று வெளியே வந்த குழந்தையின் உடலில், அரைமணி நேரத்திற்குள் பிட்யூட்டரியின் தூண்டுதல் பன்மடங்கு எழுகிறது. புதிய குளிரை எதிர்கொள்ள இயற்கை செய்துள்ள ஏற்பாடு அது.

காய்ச்சலின்போது நேர்வது வேறு. உடல் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் எரிதலின் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிகும். ஆயினும் கடும்நோயிலும் பட்டினியிலும் டி-3 குறைகிறது. பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் காக்கும் உழவரைப் போல, உடல் தன் கையிருப்பைச் சிக்கனமாகச் செலவிடுகிறது.

இவ்வொழுங்கு குலைந்தால் துன்பம் நேரும். தைராக்சின் மிகுந்தவர் நல்ல குளிரிலும் வியர்ப்பர், மிகுதியாக உண்டும் இளைப்பர், நெஞ்சு படபடக்கும். குறைந்தவர் பிறர்க்கு இதமான காற்றிலும் போர்வை தேடுவர், உடல் பருக்கும், தோல் வறளும், கைகால் ஓயும். முன்பெல்லாம் ஒரு நாளில் நட்டு முடித்த வயலை இரு நாளாகியும் முடிக்க இயலாத பெண்ணைச் சோம்பேறி என்று ஏசுவோர் உளர். அவள் குறை உள்ளத்தில் இல்லை; கழுத்திலுள்ள சுரப்பியில் இருக்கக்கூடும். வசைச்சொல் அவளுக்கு மருந்தாகாது.

குழந்தைக்கு இக்குறை நேரின் கேடு இன்னும் பெரிது. பிறவியிலேயே தைராக்சின் குன்றிய குழந்தைக்கு மூளை வளர்ச்சி தடைப்படும். பிறந்த சில நாள்களில் குதிகாலில் எடுக்கும் சில துளிக் குருதியால் இதனை அறியலாம். இரண்டு வாரத்திற்குள் மருந்து தொடங்கினால் குழந்தை பெரும்பாலும் மற்றவரைப் போலவே வளரும். இம்மருந்து நெடிய உழைப்பின் பயன். 1914-இல் அமெரிக்க அறிஞர் எட்வர்டு கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1927-இல் பிரிட்டனில் ஹாரிங்டனும் பார்கரும் அதனை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கினர்.

வெப்பமானியில் சற்றுக் குறைந்த அளவு தெரிந்தவுடன் தைராய்டு நோய் என்று முடிவு செய்தல் தவறு. வேளை, உணவு, உறக்கம் முதலியவற்றால் உடல் வெப்பம் மாறும். குருதியைச் சோதித்து மருத்துவர் கூறுவதே முடிவாகும்.

இச்சுரப்பிக்கு மூலப்பொருள் அயோடின். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கருவுற்ற பெண்ணுக்கு 250 வேண்டும். இமயத்தின் அடிவார மண்ணில் அயோடின் கரைந்து போனமையால் அங்குப் பலர் கழுத்துக் கழலையால் வருந்தினர். 1956-இல் மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசாமியும் அவர்தம் குழுவினரும் காங்கிரா பள்ளத்தாக்கில் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்து, கழலை குறைவதைக் காட்டினர். 1962-இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கிற்று.

கடலை அடுத்து வாழும் நமக்கு இக்கவலை இல்லை எனக் கருதலாகாது. 1930-இல் இராசாசி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து தஞ்சை, குடந்தை வழியே நடந்து சென்று உப்பெடுத்த வேதாரண்யம் இக்காவிரி நாட்டின் தென்கோடியிலேயே உள்ளது. கடல்மீனில் அயோடின் உண்டு. அக்கடல்நீரைக் காய்ச்சி எடுத்த உப்பிலோ அது மிகக் குறைவு, சேர்த்தால்தான் உண்டு. ஆகவேதான் அயோடின் சேராத உப்பை நேரடி உணவுக்கென விற்பது 2006 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஈரமும் வெயிலும் படாமல் மூடிவைத்து அவ்வுப்பைப் பயன்படுத்துதல் வேண்டும்.

மதகு பழுதுற்றால் வயலைக் குறை கூறுவார் இல்லை. மதகையே செப்பனிடுவர். உடல் ஓய்ந்தவரிடத்தும் அவ்வாறே நோக்கிக் காரணம் அறிந்து உதவுதல் கற்றவர் கடனாகும்.