பழவேற்காட்டை வரையப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையப் போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. எந்த மென்பொருள், எந்த ஜிபிஎஸ் கருவி என்று கேட்டிருந்தாயே, அதை முதலில் முடித்துவிடுகிறேன். கருவி வாங்காதே, கைப்பேசி போதும். வரைய ஜேஓஎஸ்எம், வரைந்ததை அலச கியூஜிஐஎஸ். இரண்டும் இலவசம். பொறுமையாக உட்கார்ந்தால் இரண்டுமே பழகிவிடும்.

எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. அந்த ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் அந்த ஊரை வரையாதே.

நைரோபியில் கிபேரா என்றொரு குடிசைப் பகுதி இருக்கிறது. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய குடிசைப் பகுதிகளில் ஒன்று. 2009 வரை வரைபடங்களில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது; காடு என்று குறித்த வரைபடமும் உண்டு. அந்த ஆண்டு எரிக்கா ஹேகன், மைக்கெல் மரோன் இருவரும் அங்கே போனார்கள். அவர்கள் தாங்களே வரையவில்லை. கிபேராவிலேயே வாழும் 13 இளைஞர்களுக்கு ஜிபிஎஸ் கருவியையும் ஜேஓஎஸ்எம்மையும் பழக்கினார்கள். தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மருந்தகம், பள்ளி என்று அந்தப் பிள்ளைகள் சந்து சந்தாக நடந்து குறித்தார்கள். சில வாரங்களில் கிபேராவுக்கு ஒரு வரைபடம் கிடைத்தது. ஆனால் அது இணையத்தில் இருந்தது, கிபேராவில் பெரும்பாலோருக்கு அப்போது இணையம் இல்லை. தங்கள் ஊரின் படத்தை அவர்களே பார்க்க முடியாத நிலை. அதனால் சுகாதாரம், கல்வி, பாதுகாப்பு என்று தலைப்பு வாரியாகக் காகிதத்தில் அச்சிட்டு ஊரில் வைத்துப் பேசினார்கள். அந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. நீயும் அச்சுச் செலவுக்கு இப்போதே பணம் ஒதுக்கி வை.

இனி உன் ஏரிக்கு வருவோம். செயற்கைக்கோள் படத்தில் பழவேற்காடு ஒரே நீலப் பரப்பு. கரையோரம் வெட்டிய இறால் பண்ணைகள் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரியும். அங்கே வலை வீசுபவர்களுக்கு அது ஒரே பரப்பு அல்ல. இறால் கிடைக்கும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. எந்தப் பாட்டில், எந்த நாளில், எந்தத் தலைக்கட்டு இறங்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எந்தச் செயற்கைக்கோளும் அதைக் காட்டித் தராது. பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

கேட்கும்போது ஒன்றைக் கவனி. பாடு முறை நியாயமான பங்கீடுதான், ஆனால் அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் ஊர்களுக்கு உள்ள அந்த உரிமை, அதே நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினருக்குக் கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்தாரோடு மட்டும் பேசி வரைந்துவிட்டுச் ‘சமூக வரைபடம்’ என்று பெயர் வைத்தால், ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்களை நீ இன்னொரு முறை ஒதுக்கியவள் ஆவாய். பெண்களிடமும் தனியாகக் கேள். மீன் விற்கப் போகும் வழி, தண்ணீர் பிடிக்கும் இடம், இருட்டிய பின் போக அஞ்சும் பாதை, இவையெல்லாம் அவர்கள் சொன்னால்தான் படத்தில் வரும்.

அதோடு, கேட்டதையெல்லாம் பதிவேற்ற வேண்டும் என்பதில்லை. 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பலமே, அதை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதுதான். எவரும் என்றால் எவரும்தான். மீனவர் சங்கமும் பார்க்கும். ஏரிக்கரையில் நிலம் தேடும் நிறுவனமும் பார்க்கும். பள்ளி, படகுத்துறை, புயல் பாதுகாப்பு மையம், வாய்க்கால் எல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்கட்டும். பாட்டு எல்லைகளும் இறால் கிடைக்கும் இடங்களும் ஊர்க்காரர்களின் சொந்த அறிவு. அவற்றைத் தனிக் கோப்பாக கியூஜிஐஎஸ்ஸில் வரைந்து, அச்சிட்டு, அவர்கள் கையில் கொடு. வெளியிடுவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். தனி மனிதர் பெயரையும் எந்த வீடு யாருடையது என்பதையும் எங்கேயும் எழுதாதே.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றினால், தெற்கே எண்ணூரைப் பார். 1996-இல் நடுவண் அரசு ஒப்புதல் தந்த கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாக இருந்தது. பின்னாளில் அலுவலகங்களில் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் கழிமுகமே இல்லை. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் அந்த நீர்ப்பரப்பு காகிதத்தில் மறைந்துவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்ற ஆவணங்களைக் கொண்டு மீனவர்களும் சூழலியலாளர்களும் 2017-இல் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். வரைபடத்தில் இல்லாத நீரில் மண் கொட்டுவது எளிது. ஊர்க்காரர்கள் கையில் தேதியிட்ட, அவர்களே வரைந்த படம் ஒன்று இருந்தால் அவ்வளவு எளிதில் கொட்ட முடியாது.

தொழில் ஒழுக்கம் பற்றியும் சில சொற்கள். கூகுள் மேப்பைப் பார்த்து ஒரு பெயரைக்கூட எடுத்து எழுதாதே. அது உரிமை மீறல், பிறகு உன் உழைப்பு முழுவதையும் நீக்க வேண்டி வரலாம். செயற்கைக்கோள் படம் சில மீட்டர் தள்ளி விழுந்திருக்கும்; நடந்து எடுத்த ஜிபிஎஸ் தடங்களோடு ஒப்பிட்டு நகர்த்திய பிறகே கோடு போடு. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்திலிருந்து எந்திரம் மாற்றித் தருவதை நம்பாதே, ஊரில் சொல்வதைக் காதால் கேட்டு எழுது. நடுவண் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021 பிப்ரவரி 15 அன்று வெளியிட்ட நெறிமுறைகளுக்குப் பிறகு இந்தியர்கள் வரைபடம் வரைய முன் அனுமதி கேட்கத் தேவையில்லை. பாதுகாப்பு சார்ந்த சிலவற்றைக் குறிக்க மட்டும் தடை உண்டு. ஸ்ரீஹரிக்கோட்டா ராக்கெட் ஏவுதளம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆகவே அந்த நெறிமுறைகளை ஒரு முறை முழுதாகப் படித்துக்கொள்.

அவசரப்பட்டு ஒரே வாரத்தில் முடிக்கவும் நினைக்காதே. 2010 ஜனவரியில் ஹைதியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகெங்கும் இருந்து நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரைச் சில நாட்களில் வரைந்தார்கள். மீட்புப் படையினர் அந்தப் படத்தைக் கருவிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது பெரிய காரியம். ஆனால் அந்த வேலை நடந்தது கட்டடங்கள் இடிந்த பிறகு. சென்னையில் 2015 வெள்ளத்தின்போது, நீர் புகுந்த தெருவைச் சொடுக்கிக் குறிக்கும் படம் ஒன்று மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்தத் தெருக்களை முன்பே யாரோ அமைதியான நாட்களில் பொறுமையாக வரைந்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. யாரும் வரையாத தெருவில் நீர் புகுந்தால் குறிக்கவும் இடம் இருக்காது. நம் ஊர்களில் அப்படி விடுபட்டுப் போவது பெரும்பாலும் சேரியின் தெருக்களும் இருளர் குடியிருப்பும்தான்.

அதனால் வேலையை அங்கிருந்தே தொடங்கு. இருளர் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கும் மேட்டு நிலத்துக்கும் போகும் பாதைகளை முதலில் வரை. பிறகு வாய்க்கால், மதகு, முகத்துவாரம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கிவிடும். அதற்குள் முதல் அச்சுப் படம் அவர்கள் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்