தேவதானம் சாஸ்தா கோயில் அருவி: திணைமரபும் இடப்பெயர் வழக்கும்

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் இராசபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவை ஒட்டி அமைந்த ஊர் தேவதானம். இவ்வூருக்கு மேற்கே மலையிடுக்கில் பாறைகளினூடே இறங்கிவரும் அருவி, சாஸ்தா கோயில் அருவி என வழங்கப்பெறுகிறது. அகப்பொருள் இலக்கணம் குறிஞ்சிக்கு முருகனைத் தெய்வமாக வகுத்திருக்க, இம்மலைநீர் சாஸ்தாவின் பெயரைப் பெற்றது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கண மரபில் அருவி

தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் நீர் தனியே எண்ணப்படவில்லை. பிற்காலத்து நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் கருப்பொருளைப் பதினான்காக விரித்து, நீரையும் அவற்றுள் ஒன்றாக்குகிறது. அதன்படி குறிஞ்சிக்குரியவை அருவிநீரும் சுனைநீரும் ஆகும். எனவே அருவி என்பது வெறும் இயற்கைக் காட்சியன்று; ஒரு நிலத்தின் அடையாளமாக இலக்கணம் ஏற்றுக்கொண்ட பொருளாகும்.

583 அடிகளையுடைய மலைபடுகடாம், மலையில் எழும் பல்வேறு ஓசைகளைத் தொகுத்துரைப்பதாலேயே அப்பெயர் பெற்றது. இடுக்கில் மறைந்த அருவி கண்ணுக்குப் புலனாகும் முன்னரே செவிக்குப் புலனாவது. வழிச்செல்வோர்க்கு மலையை ஓசையால் அறிமுகப்படுத்தும் ஆற்றுப்படையின் முறை, இந்நில அமைப்போடு பொருந்தி நிற்கிறது.

விடரும் கயமும்

மலைப்பிளப்பைக் குறிக்க ‘விடர்’ என்னும் சொல்லையும், ஆழ்ந்த நீர்நிலையைக் குறிக்கக் ‘கயம்’ என்னும் சொல்லையும் சங்கச் செய்யுள்கள் ஆள்கின்றன. முன்னது இன்று ஏறத்தாழ வழக்கொழிந்தது. பின்னதோ தென் மாவட்டப் பேச்சில் ‘கசம்’ என வாழ்கிறது. உயரம் ‘உசரம்’ என்றும், முயல் ‘முசல்’ என்றும் திரிவதைப் போன்றதே இத்திரிபும். ஏட்டில் இறந்ததாகக் கருதப்படும் சொல், நீரில் இறங்குவோரின் எச்சரிக்கைச் சொல்லாக நிலைத்திருப்பது கருதத்தக்கது.

குறிஞ்சியில் சாஸ்தா

தொல்காப்பியம் கூறும் திணைத் தெய்வங்களுள் சாஸ்தா இடம்பெறவில்லை. ஆயினும் தென்பாண்டி நாட்டில் மலையடிவார நீர்நிலைகளை ஒட்டிச் சாஸ்தா அல்லது ஐயனார் கோயில்கள் பல அமைந்துள்ளன. இராசபாளையத்தை அடுத்த ஐயனார் கோயில் அருவியும், பாபநாசம் மலைப்பகுதியிலுள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலும் இதற்குச் சான்றுகள். சமவெளியிலோ ஐயனார் ஊரெல்லையிலும் ஏரி, கண்மாய்க் கரைகளிலும் காவல் தெய்வமாக வழிபடப்பெறுகிறார். ஆரியங்காவு, அச்சன்கோவில் ஆகிய சாஸ்தா தலங்கள் மலைகடக்கும் வழிகளை ஒட்டியவை.

இவற்றை ஒருங்கே நோக்கின், சாஸ்தா ஒரு நிலத்துக்கு உரியவராக அன்றி, நிலங்கள் சந்திக்கும் வாயிலுக்கு உரியவராக விளங்குவது புலப்படும். மலையிடுக்கின் வாய் அத்தகைய இடமாகும். அங்கேதான் குறிஞ்சியின் அருவி மருதத்தின் பாசனநீராகிறது. ஆகவே இப்பெயரைத் திணைமரபின் மீறலாகக் கொள்வதினும், திணைமயக்கத்தின் இடப்பெயர் வடிவமாகக் கொள்வது பொருந்தும். எனினும் இது எல்லா அருவிகளுக்கும் பொதுவிதியாகாது. குற்றாலத்தில் பேரருவியை ஒட்டி நிற்பது சிவன் கோயில். அங்கு ஐந்தருவி, சிற்றருவி, தேனருவி என எண்ணும் அளவும் தன்மையுமே பெயர்களாயின.

பெயரின் பயணம்

சிவன் கோயிலுக்கு வழங்கிய நிலத்தைக் கல்வெட்டுகள் தேவதானம் என்று குறிக்கின்றன. பிரமதேயம், பள்ளிச்சந்தம் ஆகியவை அதற்கு இணையான கொடைச்சொற்கள். இவ்வூரிலும் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்னும் பெயரில் சிவன் கோயில் உள்ளது. கொடைநிலத்தின் பெயர் ஊர்ப்பெயராக, அருவியோ காவல் தெய்வத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. விளைநிலம் சிவனுக்கும், நீர்வாயில் சாஸ்தாவுக்கும் உரியனவாக அமைந்த இவ்விணைவு, வேளாண்மைச் சமூகத்தின் நில அறிவைக் காட்டுகிறது. அண்மைக்காலத்தில் மலையடிவாரத்தில் எழுந்த நீர்த்தேக்கமும் சாஸ்தா கோயில் அணை என்றே வழங்குகிறது. தெய்வம், கோயில், அருவி, அணை எனப் பெயர் நீரோடு இறங்கி வந்துள்ளது.

முடிவுரை

சங்க இலக்கியத்தில் காணப்படாத ‘நீர்வீழ்ச்சி’ என்னும் பிற்காலச் சொல்லாக்கம் இன்று அறிவிப்புப் பலகைகளிலும் செய்திகளிலும் ‘அருவி’யின் இடத்தைப் பிடித்துவருகிறது. அது நீர் விழுவதை மட்டுமே சொல்கிறது. அருவி என்னும் சொல்லோ தன் திணையையும் உடன் கொணர்கிறது. திருவில்லிபுத்தூர் மலைக்காடுகள் 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பெற்றன. காட்டைக் காக்க இவை இன்றியமையாதவை. ஆனால் மலைக்குச் செல்வோர் குறையுங்கால், பாறைக்கும் கசத்துக்கும் தடத்துக்கும் அவர்கள் இட்ட பெயர்களும் நினைவிலிருந்து நீங்கும். அப்பெயர்களைக் குலதெய்வ வழிபாட்டுக்காக மலையேறிய முதியோரிடமிருந்து தொகுப்பது, வட்டார வழக்காய்வுக்கும் திணையியல் ஆய்வுக்கும் உடனடித் தேவையாகும்.