மனைக்கோழிக்கு மாலைக் காவல்

செட்டிநாட்டுச் சிற்றூர்களில் புழக்கடையில் மேயும் நாலைந்து சிறுவிடைக் கோழிகளே ஏழை மகளிர் பலர்க்குக் கைமுதலாக உள்ளன. அம்முதல் ஓரிரவிலே அழிந்துபோதலும் உண்டு. கூட்டினுள் நுழைந்த மரநாய் பசிக்கு ஒன்றை மட்டும் கவர்ந்து செல்லும் என எண்ணற்க. அடைபட்டுப் படபடக்கும் கோழிகள் பலவற்றையும் கொன்றுபோடும். ஆதலின் இதனைத் தடுக்கும் வழியை ஈண்டு ஆராய்வோம்.

இவ்விடர் மிகப் பழையது. குறுந்தொகையின் 139ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் இதனை உவமையாக்கியுள்ளார். காரைக்குடிக்கு மேற்கே, சிவகங்கையை அடுத்துள்ள ஒக்கூரே இப்புலவரது ஊர் என்பர். வேலியோரம் காட்டுப்பூனைகள் வந்தமை கண்டு அஞ்சிய வீட்டுப்பேடு, தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் நிலையை அவர் காட்டுகின்றார். அங்ஙனம் பூனைகள் வந்த பொழுது நள்ளிரவன்று. மாலை என்பதை நாம் நோக்குதல் வேண்டும்.

கோழியின் கண் பகலொளிக்கே ஏற்றது. இருள் சூழின் அது ஓடித் தப்பாது. அமர்ந்த இடத்திலேயே அடங்கியிருக்கும். அப்பொழுதே அதன் பகைகள் வேட்டைக்குப் புறப்படுகின்றன. எனவே விளக்கேற்றி, உணவு முடித்த பின்னர்க் கூட்டை அடைப்போம் என்பது பிழை. கார்த்திகையில் 6 மணிக்கு முன்னரே ஞாயிறு மறையும். ஆனியிலோ 6½ மணிக்குப் பின்னரே மறையும். கடிகாரத்தை விடுத்து, ஞாயிற்றை நோக்கிக் கதவடைத்தலே முறை.

இனி, பகைகளின் இயல்பை அறிவோம். கீரி பகலில் வருவது. மரநாயோ இரவில் மரமேறும். பூட்டிக்கிடக்கும் வீடுகளின் கூரையிலும் தங்கும். ஆதலின் மரக்கிளையில் அடையும் கோழிக்குக் காப்பில்லை. நரியும் நாயும் மண்ணைத் தோண்டும். பெருச்சாளி வளைவழியே புகும். பாம்பிற்குச் சிறு இடுக்கே போதும்.

நம் பக்கத்துப் பஞ்சாரம் பகலில் குஞ்சுகளைப் பருந்தினின்று காக்க வல்லது. ஆயின், அதற்கு அடித்தளம் இல்லை, எடையும் இல்லை. திறந்த முற்றத்தில் இரவுக் காவலுக்கு அதனை நம்புதல் தகாது. தரையினின்று 2 அடி உயர்த்திய, பலகைத் தளமுள்ள கூடு நன்று. தரைக்கூடாயின் செங்கல் தளம் இடுக. அல்லது சுற்றிலும் கம்பிவலையை 1 அடி ஆழம் புதைக்க. மெல்லிய அறுகோணக் கம்பிவலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி, நாயை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த வலையே வேண்டும். நம் நாட்டு வெப்பத்திற்குக் காற்றோட்டம் இன்றியமையாதது. ஆதலின் துளைகளை மூடிவிடாது, அவற்றிற்கும் அவ்வலையே அடிக்க. கொக்கி மட்டும் போதாது, தாழ்ப்பாளும் இடுக. எஞ்சிய தீனியை மாலையிலேயே அகற்றுக. தீனி எலியை அழைக்கும்; எலி பாம்பை அழைக்கும்.

நஞ்சு வைத்தலும் கண்ணியிடுதலும் சிலர் கையாளும் வழிகள். மரநாயும் காட்டுப்பூனையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. அவற்றைக் கொல்லுதல் குற்றம். மேலும், ஒன்றைக் கொன்றால் அவ்விடத்திற்கு மற்றொன்று வரும். நஞ்சோ அண்டை வீட்டு நாயையும் கொல்லும்.

கோழி பொழுதறிந்து தானே கூடடையும். உரிய நேரத்தில் கதவடைத்தல் ஒன்றே அது நம்மிடம் வேண்டுவது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள் தத்தம் வீட்டுக் கூட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்து, இடுக்குகளை அடைத்து வருவாராக.